கடற்கரை இரவுகளில் ஒரு பாடகி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஒலிபெருக்கி வேலை செய்துவந்த காலத்தில், நாடறிந்த தமிழ்ப் பாடகி ஒருவரை உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களிலும் நகரத்தின் இரவுக் கடைகளிலும் சந்தித்துப் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உறவினர்களும், பழைய நண்பர்களும், இப்போது இசைக்குழுக்களில் வாசிக்கும் பிள்ளைகளும் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒருசேர எழுதுகிறேன்.

அந்தப் பாடகி யார்? பெயரை ஏன் எழுதவில்லை?

மேடையில் அவர் பாடியதைப் பல்லாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் எழுதலாம். நான் எழுதப்போவதோ அவர் மேடையை விட்டு இறங்கிய பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கால் நீட்டி இருந்த நேரங்களைப் பற்றி. சுற்றி இருந்தவர்கள் தம்மைப் பற்றிக் கதை கட்டமாட்டார்கள் என்று நம்பியதால்தான் அவர் அவ்வளவு இயல்பாக இருந்தார். அந்த நம்பிக்கைக்கு நான் இன்னும் கட்டுப்பட்டவன். ஆகவே, நாங்கள் அழைத்ததைப் போலவே இங்கும் அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன். அவர் யாராக இருக்கும் என்று ஊகித்துக் கேட்பவர்களுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் பதில் சொல்வதில்லை.

திருகோணமலையில் இரவு நேரக் கேளிக்கை என்று ஒன்று இருந்ததா?

இருந்தது. ஆனால் கொழும்பில் உள்ளவர்கள் நினைக்கும் வடிவத்தில் அல்ல. எங்கள் ஊரின் இரவுக்குப் பழைய வடிவம் கோயில் திருவிழாதான். சுவாமி வீதிவலம் வந்து முடிந்த பின்னர், பந்தலுக்கு எதிரே பாய் விரித்து, பாட்டுக் கோஷ்டியின் நிகழ்ச்சியை விடியும்வரை கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அடுத்த வடிவம் நிலாவெளி வீதியை ஒட்டிய கடற்கரை ஹோட்டல்கள். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களே அவற்றின் சீசன். மாரி தொடங்கினால் கதிரைகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். மூன்றாவதாக நான் சொல்வது, பஸ் நிலையத்தைச் சுற்றி நள்ளிரவிலும் அடுப்பு அணையாத கொத்து ரொட்டிக் கடைகள். பாட்டுக்காரர், மேளகாரர், வான் ஓட்டுநர் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம் அதுவாகவே இருந்தது.

யுத்த காலத்தில் இந்த மூன்றும் முடங்கின. ஊரடங்கும் சோதனைச் சாவடிகளும் இருந்த ஊரில், இரவு என்பது கதவைச் சாத்திக்கொண்டு வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கும் நேரமாகச் சுருங்கியது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு, வீதிகள் திறந்தன; வெளியூர்க் கலைஞர்கள் வரத் தொடங்கினார்கள்; ஹோட்டல்களில் மீண்டும் விளக்குகள் எரிந்தன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தக் கரையைத் துடைத்தது. 2006இல் யுத்தம் மறுபடியும் மூண்டது. இடையில் கிடைத்த அந்தச் சொற்ப ஆண்டுகளில்தான் நான் அக்காவை முதலில் சந்தித்தேன். என் தலைமுறைக்கு இரவில் வெளியே நின்று பாட்டுக் கேட்பது எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கவைப்பது கடினம்.

முதன்முதலில் எப்படிச் சந்தித்தீர்கள்?

உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் கடற்கரைப் பக்கத்தில் நிகழ்ச்சி. பின்னணியில் கடல் தெரிய வேண்டும் என்று நிர்வாகத்தினர் விரும்பியபடியால், அலைக்கு அருகே மேடையும், தென்னைகளின் பக்கமாகக் கதிரைகளும் போடப்பட்டிருந்தன. பின்னேரம் வான் வண்டியில் வந்து இறங்கிய அக்கா, வரவேற்க நின்றவர்களுக்குக் கைகூப்பிவிட்டு நேரே மேடைக்கு ஏறினார். கீபோர்ட் தம்பியை ஏதாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, தாம் இறங்கிப் போய்க் கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என்னிடம் வந்து சொன்னது இன்றும் நினைவிருக்கிறது:

"தம்பி, இது கச்சான் அடிக்கிற காலமெல்லோ. காத்து கரையில இருந்து கடலுக்குப் போகுது. நீங்கள் பெட்டியை எவ்வளவு கூட்டினாலும் பாட்டு மீனுக்குத்தான் கேக்கும். மேடையை அங்கால மாத்தேலுமோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

அவர் சொன்னது முற்றிலும் சரி. கச்சான் காற்று நிலத்திலிருந்து கிழக்கே வீசும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். தரையை ஒட்டிய காற்று மெதுவாகவும் மேலே உள்ள காற்று வேகமாகவும் வீசுவதே அதற்குக் காரணம். அதனால் பின்வரிசையில் இருப்பவரின் தலைக்கு மேலாகப் பாட்டுப் போய்விடும். அதோடு, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பாடகியின் முகத்தில் காற்று நேராக மோதும். மைக்கில் 'புஸ், புஸ்' என்று இரைச்சல் ஏறும். உலர்ந்த காற்றை விழுங்கி விழுங்கித் தொண்டையும் வரளும். மேடையைத் தென்னைகளின் பக்கம் மாற்றினால், காற்று அவருடைய முதுகுப் பக்கமிருந்து வந்து பாட்டைச் சனத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். மைக்குக்கு அவருடைய தலையே மறைப்பாகும்.

நிர்வாகத்தினர் முதலில் முகம் சுளித்தாலும், அவர் கோபப்படாமல் காரணத்தை எடுத்துச் சொன்னபோது ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் கை கொடுத்து மேடையைப் பிரித்து மாற்றினோம். பலகை தூக்கியவர்களில் அக்காவின் கணவரும் ஒருவர். அன்று இரவு அவர் பாடிய ஒவ்வொரு சொல்லும் கடைசிக் கதிரைவரை தெளிவாகக் கேட்டது. பாட்டைப் பாடுவது மட்டுமன்றி, அது போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதும் பாடகரின் பொறுப்பு என்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான். அதற்குப் பிறகு, எந்த மேடைக்குப் போனாலும் முதலில் காற்றுத் திசையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் அவருடன் பேச முடிந்ததா? கேட்டால் பாடிக் காட்டுவாரா?

உடனே பேசமாட்டார். மேடையிலிருந்து இறங்கியதும் ஒரு மூலையில் அமர்ந்து, இஞ்சி போட்ட பிளேன்டீயை ஆற அமரக் குடிப்பார். ஐஸ் போட்ட எதையும் தொடமாட்டார். வந்து பேசுபவர்களுக்குச் சிரிப்பும் தலையசைப்பும்தான் பதில். சிலர் இதைக் கர்வம் என்று நினைத்துக்கொண்டு போனதைக் கண்டு எனக்கு மனம் கனத்திருக்கிறது. ஏனெனில் உண்மை வேறு.

இரைச்சலான இடத்தில் பேசும்போது நாம் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறோம். 1911இல் இதை விவரித்த எத்தியன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இதை லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். சாதாரணமாகப் பேசும்போதே ஒரு பெண்ணின் குரல்நாண்கள் விநாடிக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டு மணி நேரம் பாடிக் களைத்த குரல்நாண்களோடு, பாரில் ஒலிக்கும் இசைத்தட்டுக்கும் சனத்தின் ஆரவாரத்துக்கும் மேலாகக் கத்திப் பேசுவது, மேடையில் இன்னும் நான்கு பாட்டுப் பாடுவதைவிடக் கெடுதலானது. மேடையிலாவது மொனிட்டர் பெட்டியில் தம் குரல் தமக்குக் கேட்கும், அளந்து பாடலாம். பாரில் அதுவும் இல்லை. "பாட்டு என்ர தொண்டையைக் கெடுக்காது தம்பி, கதைதான் கெடுக்கும்" என்பார்.

எனவே, பாடிக் காட்டுங்கள் என்று நாங்கள் அவரை ஒருபோதும் கேட்டதில்லை. தாமாக விரும்பியபோது பாடினார். அப்படிப் பாடிய நேரங்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால், அந்த ஊரில் அவர் பாடியவற்றுள் உயர்ந்தவை அவையே.

அப்படி அவர் தாமாகப் பாடிய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்.

ஒரு பூரணை இரவு. போயா தினத்தில் நாடெங்கும் மது விற்பனைக்குத் தடை என்பதால், ஹோட்டல் பார் பூட்டியிருந்தது, இசையும் இல்லை. மறுநாள் நிகழ்ச்சிக்காக ஒரு நாள் முந்தியே வந்திருந்த அக்காவும் அவருடைய கணவரும் வெளியே மேசை போட்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வயர் இழுக்கும் வேலையை முடித்த எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கியர் ஒருவர் வயலினோடு வந்திருந்தார். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் குடும்பங்களில், போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் கப்ரிஞ்ஞா என்னும் ஆட்ட இசையும் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகின்றன. கலியாண வீடுகளில் வயலின், கிட்டார், ரபான் என்னும் கைப்பறை ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஆடிப் பாடுவார்கள். இன்று நாம் பைலா என்று அழைக்கும் இசையின் வேர்களில் இதுவும் ஒன்று. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் அந்த ஆறு எட்டுத் தாளத்துக்குச் சிங்கள வரிகளைப் பொருத்தி நாடெங்கும் பரப்பினார். 60களின் கடைசியிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் தமிழில் பொப்பிசை பாடியபோதும், அந்தத் துள்ளல் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த முதியவர் ஒரு பழைய மெட்டை வாசிக்கத் தொடங்கினார். அக்கா இரண்டு சுற்றுக் கேட்டார். மூன்றாம் சுற்றில் சொற்களே இல்லாமல், 'ல' என்ற ஓசையை மட்டும் வைத்துச் சேர்ந்து பாடினார். இடையில் நிறுத்தி, "ஐயா, எனக்கு ஒரு அரைக் கட்டை இறக்கி வாசிப்பீங்களோ?" என்று கேட்டார். அவரும் கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு மறுபடி தொடங்கினார். மேசைவிரிப்பின் மேல் அக்காவின் விரல்கள் தாளம் போட்டன: மூன்றும் மூன்றுமாக, முதல் அடி மட்டும் கொஞ்சம் அழுத்தமாக. மைக் இல்லை, பெட்டி இல்லை. அப்போதுதான் அவருடைய குரலில் இலேசான ஒரு கரகரப்பு இருப்பதை நான் கவனித்தேன். எங்கள் கருவிகள் அதை இவ்வளவு காலமும் மழுப்பியிருக்கின்றன. அடுத்த நாள் ஒலி கலக்கும் மிக்சரில் உயர் ஓசையைக் கூட்டி அந்தக் கரகரப்பு கேட்கும்படி வைத்தேன். அவர் மேடையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்த முதியவரும் அக்காவும் ஒருவர் பெயரை மற்றவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. எந்தத் தாளத்தில் எந்தச் சுருதியில் என்பது மட்டுமே அவர்களுக்குத் தேவைப்பட்டது.

மது பரிமாறும் இடத்தில் பாடும் பெண் என்பதால் ஊரில் கதைக்கவில்லையா?

கதைத்தார்கள். கோயில் திருவிழாவில் பாடும்போது கைகூப்பியவர்களே, அடுத்த மாதம் ஹோட்டலில் பாடினார் என்று கேள்விப்பட்டதும் வேறு விதமாகப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அதே மேடையில் வாசித்த ஆண்களைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அக்கா கோயிலில் என்ன ஒழுங்கோடு பாடினாரோ, அதே ஒழுங்கோடு ஹோட்டலிலும் பாடினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாட்டு வரிகள் எழுதிய கொப்பியைத் தாங்கியில் வைத்து, நேரம் தவறாமல் தொடங்கினார். அந்த வருமானத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்தது; பக்கவாத்தியக்காரரின் பிள்ளைகள் படித்தார்கள்.

கணவர் எப்போதும் கூடவே வருவார். உடை மாற்ற ஒதுக்கமான அறை இல்லாத இடத்தில் நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். இது ஆடம்பரமன்று. பெண் கலைஞரை அழைக்கும் எவரும் முதலில் கேட்டு உறுதி செய்ய வேண்டிய விடயம்.

கொத்து ரொட்டிக் கடைக் கதை உண்மையா?

உண்மை. ஆனால் ஊரில் பரவியிருக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. நிகழ்ச்சி முடிந்து நகரத்துக்கு வந்தபோது, பஸ் நிலையத்துக்கு அருகே புள்ளிமான்கள் சில வீதியைக் கடந்துகொண்டிருந்தன. பிரெட்ரிக் கோட்டைக்குள் வாழும் மான்கள் இரவில் நகரத்துக்குள்ளும் உலாவுவது எங்களுக்கு வழக்கமான காட்சி. அக்காவோ வானை நிறுத்தச் சொல்லி, அவை எல்லாம் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்குள் போய்க் குடும்பத்தோடு வருபவர்களுக்கான பின்பக்க மேசையில் அமர்ந்து முட்டைக் கொத்துச் சாப்பிட்டார். கொத்துப் போடுபவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, தட்டை நிறைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். அக்கா காசைக் கொடுத்துவிட்டே வந்தார். அவர் அங்கே பாடினார் என்பதும், சனம் கூடி வீதி மறிபட்டது என்பதும் பின்னர் சேர்க்கப்பட்டவை.

இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது என்ற விதி எப்போது வந்தது?

2007 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய உத்தரவுக்குப் பிறகு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்பது அதன் சாரம். விசேட நிகழ்வுகளுக்கு விதிவிலக்குகள் உண்டு. விடியும்வரை பாட்டுக் கேட்டவர்களுக்கு இது குறையாகத் தெரியலாம். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும் நோயாளியையும் நினைத்தால், விதி நியாயமானதே. அதோடு, பெட்டிகளை நிறுத்திய பிறகு ஒரு கிட்டாரோடு தொடரும் இசையை நெருங்கியிருந்து கேட்கும் சந்தர்ப்பமும் இதனால்தான் பலருக்குக் கிடைத்தது.

யுத்தம் முடிந்த பிறகு அவரைச் சந்தித்தீர்களா?

சந்தித்தேன். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்கு முன்னர் மட்டக்களப்பு வீதியால் வரும் இசைக்குழுக்கள், பாதை எனப்படும் மிதவைப் படகில் வாகனத்தை ஏற்றித் துறைகளைக் கடந்து வர வேண்டும். கடைசிப் பாதையைத் தவறவிட்டால் கருவிகளோடு கரையில் காத்திருக்க வேண்டியதுதான். மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்த பிறகு மூதூரில் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு அதே இரவில் நிலாவெளிக்கு வந்துவிடலாம். அக்காவும் அப்படி வந்தார். முதல் வேலையாக, பழைய கோஷ்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சிலர் வெளிநாடு போயிருந்தார்கள், சிலர் உயிரோடு இல்லை. ட்ரம் வாசித்த தம்பியைப் பற்றிக் கேட்டபோது நான் பதில் சொல்லத் தயங்கினேன். அவர் விளங்கிக்கொண்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அன்று நிகழ்ச்சியில், அவன் வாசிக்க விரும்பும் பாட்டை ட்ரம் இல்லாமல் பாடினார். ஏன் என்று சனத்துக்குத் தெரியாது.

இன்று ஹோட்டலிலோ கடற்கரையிலோ ஒரு பாடகரைக் கண்டால் எப்படி அணுகலாம்?

பாடி முடித்து அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் போகவே வேண்டாம். இசை உரத்து ஒலிக்கும் இடத்தில் பேச்சை இழுக்காதீர்கள். பிடித்த பாட்டின் பெயரையும், அதில் எந்த இடம் பிடித்தது என்பதையும் ஒரு வரியில் சொன்னால் போதும். 'உங்கள் பாட்டெல்லாம் பிடிக்கும்' என்பதை அவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள். 'இரண்டாம் சரணத்தில் அந்த இடத்தை மெதுவாக விட்டீர்கள்' என்று சொன்னால் களைப்பையும் மறந்து திரும்பிப் பார்ப்பார்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். மறுத்தால் மனத்தாங்கல் வேண்டாம். பக்கவாத்தியக்காரர்களோடும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர்களிடம் யாரும் பேசுவதில்லை.

அந்த இரவுகளின் படங்களோ ஒலிப்பதிவுகளோ உள்ளனவா?

படங்கள் என்னிடம் இல்லை, நாங்கள் எடுக்கவில்லை. மிக்சரிலிருந்து நேரடியாகப் பதிந்த ஒலிநாடாக்கள் சில இருக்கின்றன. அக்காவின் அனுமதி இல்லாமல் அவற்றை யாருக்கும் கொடுக்கமாட்டேன். அவர் இப்போது வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கிறார், மேடையில் பாடுவதில்லை.

உங்கள் வீட்டில் இப்படியான நாடாக்கள் இருந்தால், ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரின் உப்புக்காற்றும் ஈரமும் நாடாவுக்குப் பெரும் கேடு. பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே போட்டால், ஓட்டும் கருவியும் பழுதாகும், நாடாவும் அறுந்துவிடும். பூஞ்சை இல்லாத நாடா என்றால், முதலில் இரண்டு பக்கமும் முழுமையாகச் சுற்றி இறுக்கத்தைச் சமப்படுத்துங்கள். கருவியின் தலையைச் சுத்தம் செய்த பிறகு, ஒரே ஓட்டத்தில் கணினிக்கு மாற்றுங்கள். பாட்டுகளுக்கு இடையில் வரும் கைதட்டலையும், "மைக் செக்" என்ற குரலையும், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தத்தையும் வெட்டிவிடாதீர்கள். யார் வாசித்தார்கள், எந்த இடம், எந்த ஆண்டு என்பதை நினைவுள்ளவர்களிடம் கேட்டு உறையின் மேல் எழுதி வையுங்கள். என்னிடம் உள்ளவற்றில் பாதிக்கு மேல் எழுதி முடித்துவிட்டேன். மிச்சத்துக்கு, அன்று கீபோர்ட் வாசித்தவர் அடுத்த சீசனுக்கு ஊருக்கு வரும்போது அவரோடு இருந்து கேட்டு எழுத வேண்டும்.